பன்னிரண்டு புத்தகம் போதுமா, வாரம் எட்டு வேண்டுமா?

என் இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளியில் சேரும் முன்பே வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டு விதமாக. மூத்தவளுக்கு நூலகத்திலிருந்து வாரம் எட்டுப் புத்தகம் வரும். வாரம் முடிந்ததும் அவை போய் வேறு எட்டு வரும். இளையவன் பிறந்தபோது வீடு மாறியிருந்தோம், நூலகம் தூரமாகிவிட்டது. கையில் இருந்தவை பன்னிரண்டு படப் புத்தகங்கள். அவற்றையே திரும்பத் திரும்ப நாலரை வயதுவரை வாசித்தோம். அக்காளுக்குக் கிடைத்தது தம்பிக்குக் கிடைக்கவில்லையே என்று அப்போது மனம் உறுத்தியது. இன்று யாராவது யோசனை கேட்டால், இளையவனுக்கு நேர்ந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இரவல் புத்தகம் வீட்டை அடைக்காது, பணமும் மிச்சம். சொந்தப் புத்தகம் நள்ளிரவில் காய்ச்சலோடு விழித்த பிள்ளை கேட்டாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூன்றாவதாக, தொட்டால் பேசும் திரைக் கதைகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான கதைகள் ஒரே பலகையில் அடங்கிவிடுகின்றன என்பது உண்மைதான். நீண்ட பயணங்களில் மட்டும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன், ஆகவே அதிகம் சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் கண்டது இதுதான்: பேச்சு கதையை விட்டுவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது, யார் அழுத்துவது என்று போய்விடும். 2019இல் 37 பெற்றோர்–குழந்தை இணைகளைக் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வும், அச்சுப் புத்தகம் கையில் இருந்தபோதுதான் இருவரும் அதிகம் பேசிக்கொண்டார்கள் என்று கண்டது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்றும், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் வாசிப்பதும் கதை சொல்வதும் நல்லது என்றும் சொல்கிறது. திரையை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

மீதியிருப்பவை இரண்டும் காகிதம்தான். ஆனாலும் வீட்டுக்குள் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் முதலில் வாய்க்குப் போகும், பிறகுதான் கண்ணுக்கு. மூத்தவளோடு உட்கார்ந்த பொழுதுகளில் பாதி, அவள் கையைப் பிடித்துக்கொள்வதிலேயே கழிந்தது. 'மெதுவாக', 'கிழித்துவிடாதே', 'அது நம்முடையது இல்லை.' ஒரு கதைக்குள் இந்த மூன்றையும் எத்தனை முறை சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. இளையவனின் கெட்டி அட்டைப் புத்தகங்களின் மூலைகள் எச்சிலில் ஊறி, உரிந்து, பஞ்சாகிப் போயின. ஈரத் துணியால் துடைத்து நிமிர்த்தி வைத்துவிடுவேன். திறந்து பார்க்கும் மடிப்புகள் உள்ள புத்தகம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. செலோடேப் ஒட்டி ஒட்டிக் கடைசியில் மடிப்புகளை எடுத்தே விட்டேன். ஆனால் யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை.

வாரம் எட்டுப் புத்தகம் என்ற பக்கத்துக்கும் உண்மையான பலம் உண்டு. நாம் அன்றாடம் குழந்தையிடம் பேசும் சொற்கள் ஒரு சிறிய வட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகின்றன: வா, போ, சாப்பிடு, தொடாதே. 2015இல் நூறு படப் புத்தகங்களின் சொற்களையும் குழந்தைகளிடம் பெரியவர்கள் பேசும் பேச்சையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், புத்தகங்களில்தான் அதிக வகைச் சொற்கள் இருக்கின்றன என்று காட்டினார்கள். புத்தகம் கூடினால் சொல்லின் வகையும் கூடும். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதும் நிறையப் புத்தகங்களைப் பரப்பிப் பார்த்தால்தான் தெரியும். மூத்தவளுக்குப் பூச்சிகள்மேல் அத்தனை ஆசை என்பது, நூலகத்தில் தற்செயலாக எடுத்துவந்த ஒரு வண்டுப் புத்தகத்தால்தான் எங்களுக்குத் தெரிந்தது. நானே தேர்ந்தெடுத்த பன்னிரண்டில் பூச்சி வந்திருக்காது.

2019இல் வெளிவந்து பரவலாகப் பேசப்பட்ட ஒரு கணக்கு உண்டு. பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு ஐந்து புத்தகம் வாசித்துக் கேட்ட குழந்தை, வாசித்தே கேட்காத குழந்தையைவிட ஏறத்தாழ 14 லட்சம் சொற்கள் அதிகமாகக் கேட்டிருக்கும் என்பது அது. இதைக் காட்டித்தான் நிறையப் புத்தகம் வேண்டும் என்கிறார்கள். கணக்கைக் கவனித்துப் பாருங்கள். அட்டைப் புத்தகம் ஒன்றில் சராசரியாக 140 சொல், படக்கதைப் புத்தகம் ஒன்றில் 228 சொல் என்று எடுத்துக்கொண்டு, எத்தனை முறை வாசித்தோம் என்பதால் பெருக்கிய எண் அது. ஒரே புத்தகத்தை ஐந்து முறை வாசித்தாலும் அந்தப் பெருக்கலில் குறைவு வராது.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன்: வாசிக்கும்போது பெரியவரின் கண் எங்கே இருக்கிறது?

புதிய புத்தகத்தைத் திறந்தால் என் கண் எழுத்தில் இருக்கும். அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, எந்த வரியைத் தாண்டிப் போகலாம் என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் புரியும். புரிந்துகொள்ளும் நேரத்தில் அந்தப் புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிவிடும். மூத்தவளுக்கு இரண்டரை ஆண்டு வாசித்தேன். அந்தப் பொழுதுகளில் அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். தலையின் உச்சியும் கூந்தலின் வகிடும்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. முகம் வரவில்லை.

பத்தாவது முறை வாசிக்கும் புத்தகத்தில் வரிகள் நாவிலேயே இருக்கும். கண் விடுதலையாகிவிடும். பிள்ளை எந்த மூலையைப் பார்க்கிறான், எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான், எந்தப் பக்கம் வரும் முன்பே கால் விரல்கள் மடங்குகின்றன என்பதெல்லாம் தெரியத் தொடங்கும். அவன் பார்க்கும் இடத்தைப் பார்த்துப் பேச முடியும். குழந்தையோடு வாசிப்பதில் மற்ற எல்லாமும் இதற்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களிடம் ஒரு புத்தகம் இருந்தது. மழையில் தன் குடையைத் தேடிப் போகும் யானைக்குட்டியின் கதை. ஏறக்குறைய முப்பது முறை வாசித்திருப்பேன். ஒரு நாள் இளையவன் பக்கத்தின் அடிமூலையில் விரலை வைத்து, "அப்பா, நத்தை" என்றான். கதையில் நத்தை என்ற சொல்லே கிடையாது. குனிந்து பார்த்தால், இலையின் கீழ் நகத்தின் அளவுக்கு ஒரு நத்தை. அவன் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி முதல் பக்கத்துக்குப் புரட்டினான். அங்கேயும் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகத் தேடினான், எல்லாவற்றிலும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் யானைக்குட்டி குடையைக் கண்டுபிடிக்கிறது. அதன் உள்விளிம்பில் நத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுதான் எடுத்துக்கொண்டு போனதா?" என்று கேட்டான். ஓவியர் எழுத்துக்கு வெளியே ஒரு கதையை ஒளித்து வைத்திருந்தார், இரண்டரை வயதுப் பிள்ளை அதைக் கண்டெடுத்துவிட்டான். புத்தகம் ஒரு வாரத்தில் திரும்பிப் போயிருந்தால் நத்தை எங்கள் இருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

வாசிப்பின் நடுவே நிறுத்திக் கேட்பது, பிள்ளை சொன்னதைச் சற்று நீட்டித் திருப்பிச் சொல்வது என்ற முறையை 1988இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். 21 முதல் 35 மாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதைக் கற்றுக்கொடுத்து, ஒரு மாதம் வீட்டில் அப்படி வாசிக்கச் சொன்னார்கள். வழக்கம்போல் வாசித்த வீட்டுக் குழந்தைகளைவிட இவர்களின் பேச்சு முன்னே போயிருந்தது. மூத்தவளிடமும் இதை முயன்றேன். புதுப் புத்தகத்தில் என் கேள்வி, "இது என்ன? அது என்ன நிறம்?" என்பதைத் தாண்டவில்லை. அவளுக்கு அது தேர்வுபோல் ஆகி, பக்கத்தைத் தள்ளிவிடுவாள். பழகிய புத்தகத்தில் கேள்வியே தேவைப்படவில்லை. "மழை கொட்டோ கொட்டென்று..." என்று நிறுத்தினால் போதும், "கொட்டியது!" என்று இளையவன் துள்ளுவான். சில மாதங்களில் முழு வரியும் அவனுடையதாகிவிட்டது. மூன்று வயதில் புத்தகத்தை மடியில் விரித்து எனக்கே வாசித்துக் காட்டினான். ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் பக்கம் புரட்டும் இடம் ஒன்றுகூடத் தவறவில்லை.

சொல் தங்குவதிலும் வேறுபாட்டைக் கண்டேன். 'யானைக்குட்டி தயங்கித் தயங்கி ஆற்றில் காலை வைத்தது' என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி. நான் அதற்குப் பொருள் சொன்னதே இல்லை. ஒரு நாள் மாடிப்படியில் இறங்கும்போது பாதியில் நின்று, "நான் தயங்கித் தயங்கி வருகிறேன்" என்றான். 2011இல் உளவியலாளர் ஜெசிகா ஹோர்ஸ்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். புதிய சொற்களை எல்லாக் குழந்தைகளும் சம எண்ணிக்கையில் கேட்டார்கள். சிலருக்கு அவை ஒரே கதைகளில் திரும்ப வந்தன, சிலருக்கு வெவ்வேறு கதைகளில் வந்தன. ஒரே கதைகளைத் திரும்பக் கேட்டவர்களிடம்தான் அந்தச் சொற்கள் தங்கின. கதை தெரிந்துவிட்டால் கவனம் சொல்லுக்குப் போகும் என்பதை மாடிப்படியில் கண்ட எனக்கு அதை நம்புவதில் தயக்கமில்லை.

எழுத்து விஷயத்திலும் அப்படியே. குழந்தைகளின் கண் அசைவைப் பதிவுசெய்த 2005ஆம் ஆண்டு ஆய்வொன்று, வாசித்துக் காட்டும்போது அவர்கள் ஏறக்குறைய முழு நேரமும் படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று காட்டியது. வரியின் கீழ் விரலை ஓட்டினால் கண் கொஞ்சம் இறங்கி வரும். படம் பழகிப்போன புத்தகத்தில் அது எளிதாக நடந்தது. புதுப் படம் எதிரே இருக்கும்போது மூத்தவளின் கண் இறங்கவே மறுத்தது.

இதன் விலை பெரியவர் தலையில்தான் விழும். நாற்பதாவது முறை "மறுபடியும்!" என்று கேட்கும்போது, நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்த உடம்புக்கு அது லேசான காரியம் இல்லை. சில இரவுகளில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிப் பார்த்தேன். உடனே பிடித்துவிடுவான். பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: ஒரு புத்தகம் அவன் எடுப்பது, ஒன்று நான் எடுப்பது. அதோடு, பன்னிரண்டில் ஐந்தை மட்டும் கீழ்த்தட்டில் முன்னட்டை தெரியும்படி வைத்து, மாதம் ஒருமுறை மாற்றினேன். ஒரு மாதம் மறைந்திருந்த புத்தகம் திரும்ப வந்தால், பிரிந்த நண்பனைக் கண்டதுபோல் கட்டிக்கொள்வான்.

என் அனுபவம் இரண்டு பிள்ளைகளோடு முடிகிறது. இளையவனுக்குப் பேச்சுத் துணையாக அக்காள் இருந்தாள். அவன் பேச்சு வளர்ந்ததில் அவளுடைய பங்கு எவ்வளவு, புத்தகத்தின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. திரும்பக் கேட்கவே விரும்பாத பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களிடம் இதைத் திணித்தால் வாசிப்பே கசந்துவிடும். ஒரு வயதுக்குள் இரண்டு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அப்போது குழந்தைக்கு வேண்டியது குரலும் மடியும்தான். நாலரை வயதில் இளையவனே மாறிவிட்டான். "வேறு இல்லையா?" என்று கேட்கத் தொடங்கினான். அன்றிலிருந்து தூரத்தைப் பார்க்காமல் நூலகத்துக்குப் போகிறோம். ஆகவே நான் சொல்லும் பன்னிரண்டு, ஒன்றரை வயதுக்கும் நாலரை வயதுக்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கு உரியது.

நூலகம் பக்கத்தில் இருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே எடுத்துவந்து பாருங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் பிள்ளை எதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதோ, அதை மட்டும் வாங்கிவிடுங்கள். நாமாகத் தேர்ந்தெடுப்பதென்றால் நான் மூன்றைப் பார்ப்பேன். வாய்விட்டு வாசித்தால் வரி நாக்கில் தடுக்காமல் ஓட வேண்டும். எழுத்து சொல்லாத ஏதாவது ஒன்று படத்தில் இருக்க வேண்டும். கடையிலேயே நின்று அடுத்தடுத்து இரண்டு முறை வாசித்துப் பார்ப்பேன். இரண்டாம் முறை எனக்கே சலித்தால் அதை வைத்துவிடுவேன், முன்னட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.