கடலுக்கு எதிரே 4 வருடம், கொஞ்சம் தள்ளி 7 வருடம்

கடற்கரை நகரத்துக்குக் குடிவந்து 11 வருடம் ஆகிறது. முதல் 4 வருடம் சன்னலைத் திறந்தாலே கடல் தெரிகிற வீடு. இப்போது இருப்பது இரண்டு கிலோமீட்டர் உள்ளே. ஊர் ஒன்றுதான், பிழைப்பு வேறு.

முதல் வீட்டில் நான் கடலைப் பார்த்ததைவிடத் துருவைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகளைக் காற்று நேராக வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு காயவே காயாது. கதவுக் கீல், தாழ்ப்பாள், சைக்கிள் சங்கிலி, கடைசியில் பையின் ஜிப் வரை போனது. ஏசியின் வெளி யூனிட் மூன்றாம் வருடமே கையை விரித்தது. அதன் அலுமினியத் தகடுகள் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. துருப்பிடிக்காது என்று நம்பிப் போட்ட ஸ்டீல் கைப்பிடியிலும் பழுப்புப் புள்ளிகள். கடலோரத்துக்கு 304 ரக ஸ்டீல் தாங்காது, மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கட்டடத்துக்கும் இதே கதிதான். உள்ளே கம்பி துருவேறினால் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். வீடு பார்க்கப் போனால் பால்கனியில் நின்று கடலை ரசிப்பதற்கு முன்னால், கீழே நின்று அந்தப் பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள்.

சரி, நல்லதே இல்லையா? கடற்காற்று இருக்கிறதே! வெயிலில் நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகத்தான் ஏறும். அதனால் பகல் ஏற ஏறக் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும். அது வீசத் தொடங்கும் நேரத்துக்காகவே கோடையைப் பொறுத்துக்கொள்ளலாம். வராத நாளில் மட்டும் புழுக்கம் கொன்றுவிடும். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும்.

பெருமழையும் உயர் ஓதமும், அதாவது கடல்மட்டம் ஏறி நிற்கும் நேரமும், சேர்ந்தால் வடிகால் நீர் கடலில் இறங்காமல் தெருவில் தேங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் இன்னும் ஏறும் என்பதால், மழைக்காலத்தில் வானிலையோடு ஓத நேரத்தையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிப்பது இங்கே உள்ளேயும் தீரவில்லை.

ஆனால் தள்ளி வந்த பிறகுதான் கடலுக்கு அடிக்கடி போகிறேன். எதிரே இருந்தபோது அது சுவரில் மாட்டிய படம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இப்போது விடிவதற்குள் சைக்கிளில் பத்து நிமிடம். திரும்பி வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுத்தான் உள்ளே நிறுத்துகிறேன்.