டிஸ்காக்ஸ்: வெளிநாட்டு ஜாஸ் எல்பியின் பூர்வீகம் தேட எவ்வளவு தூரம் நம்பலாம்?

பழைய ஜாஸ் எல்பி (நீண்ட நேரம் ஓடும் பெரிய இசைத்தட்டு) வாங்குகிற ஆசாமிகள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் டிஸ்காக்ஸ் என்ற இணையதளம். 2000-இல் கெவின் லெவன்டவ்ஸ்கி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இதை ஆரம்பித்தபோது மின்னணு இசைத்தட்டுகளுக்கான பட்டியலாகத்தான் இருந்தது. இப்போது எந்தப் பெரிய ஜாஸ் ஆல்பத்தைத் தட்டினாலும், வெளியான நாடு, ஆண்டு, எல்பியா, ஏழு அங்குல இபியா, ரீல் டேப்பா என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வுக்கு மட்டும் பல நூறு பதிப்புகள். தேடிப் பார்க்கக் காசு கிடையாது. அங்கே நடக்கிற விற்பனையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கையில் இருக்கிற தட்டு எந்த நாட்டில், எப்போது, யாருடைய அச்சில் வந்தது என்று கண்டுபிடிக்க இது உதவுமா என்பதுதான் எனக்கு வேண்டியது.

ஜப்பான் தட்டுகளுக்கு நிச்சயமாக உதவும். பியானோ கலைஞர் சனி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' 1958 ஜனவரியில் பதிவானது. புளூ நோட் என்ற அமெரிக்க கம்பெனியில் கேட்டலாக் எண் 1588. ஹை ஹீல்ஸ் போட்ட கால்கள் நடைபாதையில் போகிற அந்த அட்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கிளார்க் 1963-இல், 31 வயதில் இறந்துபோனார். சொந்த ஊர் அவரை மறந்த நாட்களிலும் ஜப்பான் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அதனால் அங்கே இந்த ஆல்பம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. என் பிரதியை விற்றவர் 'தோஷிபா, எழுபதுகளின் தொடக்கம்' என்று எழுதியிருந்தார். விலையும் அதற்கேற்ற மாதிரி. முதுகுப் பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், எண் 'ஜிஎக்ஸ்கே' என்று ஆரம்பிக்கிறது. டிஸ்காக்ஸில் அந்த ஆல்பத்தின் பதிப்புப் பட்டியலைத் திறந்து ஜப்பானை மட்டும் வடிகட்டினால் கதை ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எல்என்ஜே என்றால் ஜப்பானில் புளூ நோட்டை வெளியிட்ட எழுபதுகளின் தோஷிபா. ஜிஎக்ஸ்கே, ஜிஎக்ஸ்எஃப் என்றால் 1977-இல் அந்த உரிமையை வாங்கிய கிங் ரெகார்ட்ஸ். பிஎன்ஜே என்றால் 1983 வாக்கில் உரிமை மறுபடி கைமாறிய பிறகு வந்த தோஷிபா இஎம்ஐ. விற்றவருக்கு இந்தப் பக்கத்தை அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் விலையைக் குறைத்தார். கிங் தட்டு ஒன்றும் மட்டமில்லை, சத்தமில்லாத வினைல், கேட்க அருமை. ஆனால் கிங்குக்குக் கிங் விலைதான் கொடுக்க வேண்டும்.

இதே கிங் ரெகார்ட்ஸ்தான் புளூ நோட் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த, அதுவரை வெளிவராத பதிவுகளையும் எடுத்து வெளியிட்டது. கிளார்க்கின் 'மை கன்செப்ஷன்' 1959-இல் பதிவாகி, 1979-இல் முதன்முதலாக வெளியானது ஜப்பானில்தான். 'ஒரிஜினல் அமெரிக்கன் பிரஸ்ஸிங்தான் வேண்டும்' என்று அடம்பிடிக்கிற நண்பர்களிடம் இந்த ஆல்பத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இங்கிலாந்துத் தட்டுகளுக்கு வந்தால் கேட்டலாக் எண் மட்டும் போதாது. அங்கே எஸ்குவயர் என்ற சிறிய கம்பெனி, அமெரிக்காவின் பிரெஸ்டீஜ் கம்பெனி ஆல்பங்களை வேறு எண், பெரும்பாலும் வேறு அட்டையோடு வெளியிட்டது. சனி ராலின்ஸின் 'சாக்ஸபோன் கொலாசஸ்' அப்படி வந்ததுதான். அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒரே பதிவு என்று புதியவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. விஷயம் தட்டின் உள்விளிம்பில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற வெற்று வளையத்தில் இருக்கிறது. டெட் வேக்ஸ் என்பார்கள். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டு மெல்லத் திருப்ப வேண்டும். எஸ்குவயர் தட்டுகள் பலவற்றில் அப்போது 'ஆர்விஜி' என்ற மூன்று எழுத்து மேலெழும்பும். ரூடி வேன் கெல்டர் என்ற பொறியாளர் தன் கையால் வெட்டிய அச்சின் முத்திரை அது. அதாவது லண்டன்காரர் லேபிள் ஒட்டினாலும், தட்டை அச்சடித்தது அமெரிக்காவில் இருந்து வந்த உலோக அச்சில். ஆர்விஜி இல்லாத எஸ்குவயரும் உண்டு. அவை இங்கிலாந்திலேயே புதிதாக வெட்டியவை. காதுக்கு வித்தியாசம் தெரிகிறது, சந்தையில் விலையும் வேறு.

இந்த இடத்தில் டிஸ்காக்ஸ் பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. டெட் வேக்ஸில் இருக்கிற மேட்ரிக்ஸ் எழுத்துகளைப் பதிய அங்கே தனி இடம் இருக்கிறது, ஒரே பதிப்புக்குள் பல வகைகளையும் குறிக்கலாம். ஆனால் அதையெல்லாம் எழுதுவது நம்மைப் போன்ற உபயோகிப்பாளர்கள். பொறுமைசாலி ஒருவர் ஒவ்வொரு கீறலையும் எழுதி, லேபிளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டிருப்பார். அடுத்த பதிவில் அட்டைப்படமும் எண்ணும் மட்டும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது படங்களை, அப்புறம் திருத்த வரலாற்றை. நாலைந்து பேர் கை வைத்து, சரிதான் என்று ஓட்டுப் போட்ட பதிவுக்கு மரியாதை கொடுப்பேன். எனக்கு அதிகம் உறுத்துவது ஆண்டுதான். பழைய ஐரோப்பியத் தட்டுகள் பலவற்றில் அச்சான வருஷமே இருக்காது. பதிவிடுகிறவர் பதிவான ஆண்டையோ அமெரிக்க வெளியீட்டு ஆண்டையோ அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார். காலியாக விட்டிருந்தால் அவர் நேர்மையானவர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெயர்க் குழப்பம் இன்னொரு பக்கம். 'கைண்ட் ஆஃப் புளூ' அமெரிக்காவில் கொலம்பியா வெளியீடு, 1959, மோனோ சிஎல் 1355, ஸ்டீரியோ சிஎஸ் 8163. அதே ஆல்பம் பிரிட்டனில் ஃபிலிப்ஸின் ஃபான்டானா லேபிளில் வந்தது. பிரிட்டனில் கொலம்பியா என்ற பெயர் இஎம்ஐ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. அமெரிக்கக் கொலம்பியா அந்தப் பெயரோடு அங்கே கடை விரிக்க முடியாது, அதனால் ஃபிலிப்ஸ் குடும்பத்தின் வழியாகப் போனது. 1962-இல் சிபிஎஸ் என்று தனிப் பெயரில் இறங்கும் வரை இதுதான் நிலைமை. டிஸ்காக்ஸ் ஒவ்வொரு கொலம்பியாவுக்கும் பதிப்புகளில் நாட்டைக் குறிப்பதால் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஏன் இப்படி என்ற கதையை மட்டும் நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எல்பி காலத்துக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டுகளுக்கு நான் டிஸ்காக்ஸை இரண்டாவதாகத்தான் திறப்பேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா நூலகம் நடத்துகிற அமெரிக்கப் பழம்பதிவுகளின் தரவுத்தளம் இலவசம், இந்த வேலைக்கு அதுதான் சரி. அங்கே ஆல்பம் என்ற பேச்சே இல்லை. ஒரு நாள், ஒரு ஊர், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு மேட்ரிக்ஸ் எண், எத்தனை டேக் (முயற்சி), எது தேறியது என்று பதிவையே மையமாக வைத்துப் போகும். ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' 1928 ஜூன் 28, சிகாகோ, மேட்ரிக்ஸ் 400967, அமெரிக்காவில் 'ஓகே' என்ற லேபிளில் எண் 8597. பிரிட்டனில் அதே பதிவு பார்லோஃபோன் ஆர் 448. லேபிளும் எண்ணும் மாறினாலும் மேட்ரிக்ஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டால் ஆள் தப்ப முடியாது.

நம் ஊர்ப்பக்கம் பதிவான ஜாஸுக்கு இரண்டையும் பெரிதாக நம்ப வேண்டாம். சிகாகோவிலும் ஷாங்காயிலும் வாசித்துவிட்டு இந்தியா வந்த பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு, நாற்பதுகளில் கல்கத்தாவில் கொலம்பியாவுக்குப் பல 78-கள் பதிந்தார். இது இஎம்ஐயின் கொலம்பியா, அமெரிக்கக் கொலம்பியா கிடையாது. 1945-இல் கல்கத்தாவிலேயே காலராவில் இறந்தார். அமெரிக்கப் பழம்பதிவுகளின் தரவுத்தளத்தில் இவற்றைத் தேடி அலுத்துப்போவதைவிட, அச்சில் வந்த பழைய டிஸ்கோகிராஃபிகளை (இசைப்பதிவுப் பட்டியல் புத்தகங்களை) புரட்டுவது மேல். டிஸ்காக்ஸில் யாராவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து படமெடுத்துப் பதிந்துவிடுங்கள்.

மொத்தத்தில் ஜப்பான் எல்பிக்கு ஐந்துக்கு ஐந்து, பிரிட்டன், ஸ்வீடன், பிரான்ஸ் தட்டுகளுக்கு மூன்றரை, 78-களுக்கு இரண்டு. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு லேபிளின் படமும், இரண்டு பக்க டெட் வேக்ஸ் எழுத்தும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மொபைல் ஆப்பில் பார்கோடு ஸ்கேன் செய்கிற வசதி இருக்கிறது. ஐம்பது, அறுபதுகளில் அச்சான தட்டில் பார்கோடே கிடையாது என்பதால் நமக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.