எலைசாவுக்கு ஃபில்டர் வகை மைக்ரோபிளேட் ரீடர் போதுமா?

எலைசா என்பது மாதிரியில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை. பிளேட்டின் சிறு குழிகளில் அந்த நிறம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பதுதான் மைக்ரோபிளேட் ரீடர். 405, 450, 492, 630 நானோமீட்டர் என நான்கு ஃபில்டரோடு வரும் ரீடர், எலைசா மட்டும் செய்யும் ஆய்வகத்துக்குத் தாராளமாகப் போதும். நிறம் தரும் வேதிப்பொருளான டிஎம்பியின் நீலத்தை அமிலம் சேர்த்து மஞ்சளாக்கியதும் 450-ல் படித்து, 630-ல் வருவதைக் கழிக்க வேண்டும். பிளேட்டின் அடியில் உள்ள கீறல், விரல்ரேகை பெரும்பாலும் இதில் கழிந்துவிடும், அருமையான வசதி.

ஆனால் குழியில் பச்சை தெரிந்தால் அமிலம் சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். மிச்சமிருக்கும் நீலம் 630-லும் ஒளியை உறிஞ்சும். கழித்தால் உண்மையான அளவே குறைந்துவிடும். மெதுவாகக் குலுக்கிவிட்டுப் படியுங்கள். குமிழியை இந்தக் கழித்தல் நம்பகமாகச் சரிசெய்யாது, சுத்தமான ஊசிமுனையால் உடைத்துவிடுவதுதான் வழி. ஒவ்வொரு குழிக்கும் புது ஊசி.

ஓடி (ஒளி உறிஞ்சலைக் காட்டும் எண்) 3-ஐத் தொட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது. அந்த எண்ணை நம்பாமல் மாதிரியை நீர்த்துத் திரும்பச் செய்வதே நல்லது. ரீடரின் விளக்கை முன்கூட்டியே போட்டு 15 நிமிடம் சூடாக விடுங்கள்.

புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு சோதனைக்கு 595 தேவை, அந்த ஃபில்டரைத் தனியாக வாங்க வேண்டும். டிஎன்ஏவை 260-ல் அளப்பவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு 260-ல் படிக்கக்கூடிய ரீடரும் (உதாரணமாக, அலைநீளத்தை நாமே தேர்ந்தெடுக்கும் மோனோகுரோமேட்டர் வகை), புற ஊதாக் கதிரை உள்ளே விடும் பிளேட்டும் வேண்டும்.