680 யூரோ கொடுத்து மாமியாருக்கு யாரோ ஒருவருடைய முப்பாட்டனை வாங்கிக் கொடுத்தேன்

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 680 யூரோ. நடந்து நான்கு நாள்தான் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறோம். கணவர் ஜெர்மானியர். மகனுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். என் பக்கத்துக்குப் பெரியப்பாவிடம் ஒரு போன் போட்டேன், ஐந்து தலைமுறை பட்டப்பெயரோடு வந்துவிட்டது. கணவர் பக்கம் மாமியாரின் அப்பாவைத் தாண்டவில்லை. அவர் 1946இல் சைலீசியாவிலிருந்து (போருக்கு முன் ஜெர்மனியில் இருந்து, இப்போது பெரும்பாலும் போலந்தில் இருக்கிற பகுதி) துரத்தப்பட்டு வந்தவர், சாகும்வரை ஊரைப் பற்றி வாய் திறக்கவில்லையாம். கையில் இருந்தது அவருடைய பெற்றோரின் 1908ஆம் வருடத் திருமணச் சான்றிதழ் மட்டும். அதுவும் குரென்ட் என்கிற பழைய கையெழுத்தில். அந்த எழுத்தில் 'e' எழுத்தும் 'n' எழுத்தும் ஒரே மாதிரி இரண்டு கோடுதான். என் கணவருக்கே தலையும் புரியாது, காலும் புரியாது.

மாமியாரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வம்சாவளியைக் கண்டுபிடித்துப் படச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்பது என் யோசனைதான். முன்னோரைத் தேடித் தருகிறோம் என்று சொல்லும் இணையச் சேவை ஒன்று கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸுக்கும் சேர்த்துச் செலவழிக்க என்னிடம் காசு இல்லை.

நான் விழுந்த இடம் இதுதான். வீடியோ அழைப்பில் வந்தவர் வயதானவர், பின்னால் தோல் அட்டை போட்ட புத்தகங்கள். சான்றிதழைத் திரையில் காட்டினேன். மூன்று வருடமாக நாங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த அந்த வரியை, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அரை நிமிடத்தில் வாசித்தார். "மாப்பிள்ளை தச்சர். ஹோஃப்மன். ஊர் நொய்ஷ்டாட்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தெரிந்த மனுஷர் ஏமாற்றுவாரா? அன்றைக்கே 280 யூரோ அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, போலந்து ஆவணக் காப்பகத்துக்குக் கட்டணம் என்று 400 கேட்டார். அதையும் அனுப்பினேன். மொத்தம் 680.

வந்தது ஒரு பிடிஎஃப். 1648 வரை போகிற மரம், கூடவே சிங்கம் போட்ட ஹோஃப்மன் குலச் சின்னம். அழகாகத்தான் இருந்தது. பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டோம்.

பிறந்தநாளன்று மாமியார் அதை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து படுக்கையறைக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே அவர் அப்பாவின் ஆனன்பாஸ். ஹிட்லர் காலத்தில் தான் 'ஆரியன்' என்று நிரூபிக்க ஆளாளுக்கு வைத்திருந்த வம்சச் சிறு புத்தகம். யார் வாழலாம், யார் கூடாது என்று பிரிப்பதற்காக வந்த காகிதம், தொடவே எனக்குக் கூசியது. ஆனால் பாட்டன் பாட்டி வரை பெயர், தேதி, ஊர், மதம், ஒவ்வொன்றுக்கும் பாதிரியாரின் முத்திரை, எல்லாம் அதில் இருந்தது.

"இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லையே," என்றார் மெதுவாக. "நாங்கள் கத்தோலிக்கர்கள்."

மரத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் புராட்டஸ்டன்ட். ஊர் நொய்ஷ்டாட்தான், ஆனால் 'நொய்ஷ்டாட் அன் டெர் வைன்ஷ்ட்ராஸே' என்கிற வேறு ஊர். அது ஜெர்மனியின் தென்மேற்கில் இருக்கிறது. எங்கள் நொய்ஷ்டாட் மேல் சைலீசியாவில், இன்றைக்குப் போலந்தின் புருட்னிக். சான்றிதழில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'ஓ.எஸ்.' என்று இரண்டே எழுத்து, ஓபர்ஷ்லேசியன் என்பதன் சுருக்கம். அதை விட்டுவிட்டுத்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார். அதே தாளில் இரண்டு வரி தள்ளிக் கத்தோலிக்கர் என்றும் எழுதியிருக்கிறது, இப்போது எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தோம்.

அன்று இரவு உட்கார்ந்து அந்த மரத்தைக் குடைந்தேன். 1834இல் ஒருவர் வைன்ஷ்ட்ராஸே ஊரில் பிறந்தாராம். அந்த ஊருக்கு அந்தப் பெயரே 1936இல்தான் வந்தது, அதற்கு முன்னால் நொய்ஷ்டாட் அன் டெர் ஹார்ட். 1791இல் பிறந்த ஒரு அம்மாவுக்கு 1798இல் குழந்தை. ஏழு வயதில்! யாரோ இணையத்தில் பொதுவில் போட்டு வைத்திருந்த மரத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஹோஃப்மன் என்பது இங்கே தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கிற பெயர்.

மின்னஞ்சல் போட்டேன். முதல் பதில்: "வம்ச ஆராய்ச்சி என்பது அனுமானங்களின் அடிப்படையிலானது." இரண்டாவது: ஆய்வாளர் விடுமுறையில் இருக்கிறார். மூன்றாவது: முடிவுக்கு உத்தரவாதம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு டிக் அடித்திருக்கிறீர்கள். சரி, அந்த 400 யூரோ கட்டின காப்பகத்தின் ரசீதையாவது கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு தானியங்கிப் பதில் மட்டும்தான். போலந்து அரசுக் காப்பகங்கள் ஸ்கேன் செய்த பதிவேடுகளைத் தங்கள் தளத்தில் இலவசமாகவே பார்க்கவிடுகின்றன என்பது நேற்றுத்தான் தெரிந்தது. வங்கியில் கேட்டால், பணம் அந்தக் கணக்கில் விழுந்துவிட்டது, அவர்களாகத் திருப்பித் தந்தால்தான் உண்டு என்கிறார்கள்.

ஜெர்மன் குடும்ப வரலாற்றை எப்படி ஆரம்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய டப்பா, சூட்கேஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஆள் எங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. சரியான ஊரும் மதமும் தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் அலுவலகம் ஜெர்மனியில் கிடையாது. ஒரே பெயரில் பல ஊர் இருக்கும். 1912 வாக்கில் அச்சான மேயர்ஸ் ஊர் அகராதி இணையத்தில் இலவசம், அதில் பாருங்கள். அரசுப் பதிவு நாடு முழுக்க 1876இலிருந்து, பிரஷ்யா என்கிற அந்தக் காலத்துப் பெரிய மாநிலத்தில் 1874இலிருந்து. அதற்கு முன்னால் பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுதான். கத்தோலிக்கருக்கு மாட்ரிகுலா தளம், காசில்லை. புராட்டஸ்டன்டுக்கு ஆர்ஹியோன், சந்தா கட்ட வேண்டும். எல்லா ஊரும் இருக்காது. குடும்பப் பெயருக்குக் குலச் சின்னம் விற்கிறவனைக் கண்டால் ஓடிவிடுங்கள், சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்குத்தான், பெயருக்கு இல்லை. வங்கிப் பரிமாற்றத்தில் முன்பணம் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சட்டம் நன்றாக இருக்கிறது, பேரன் போட்டோவை வைத்துக்கொள்கிறேன் என்று மாமியார் சொல்லிவிட்டார். 680 யூரோ. டிசம்பரில் திருச்சிக்குப் போக டிக்கெட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.