அய்யர்மலை: 1,017 படியும் என் முழங்காலும்

சுவாமிமலைக்காரனுக்கு மலை என்றால் 60 படி, அதுவும் கட்டுமலை. அந்தத் தைரியத்தில்தான் போன சித்திரையில் குளித்தலை போய் இறங்கினேன்.

'காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். மூன்று கோயிலையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமாம். கடம்பர் கோயில் ஆற்றங்கரையில், வடக்கே காவிரியைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே நிதானமாகத் தரிசனம் முடித்து, மணப்பாறை பஸ் ஏறி அய்யர்மலை அடிவாரத்துக்கு வந்தபோது மணி பத்தரை. இந்த மலைமேல் இருப்பவர்தான் மத்தியானச் சொக்கர். சொன்னவர்கள் சித்திரை வெயிலை யோசிக்கவில்லை போலும்.

மொத்தம் 1,017 படி. செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். முதல் நூறு படி விளையாட்டு. அதற்கப்புறம் கருங்கல் தோசைக்கல்லாகிவிட்டது. படியின் ஓரத்தில் கையகலம் நிழல் விழுந்தாலும் அதில் குதிகாலை வைத்து ஏறினேன். வழியில் மண்டபங்கள் வருகின்றன. ஒன்றைக்கூட விடாமல் உட்கார்ந்தேன். "என்னங்க, இப்படி உட்கார்ந்தா அந்திக்குத்தான் சொக்கரைப் பார்ப்போம்" என்றாள் மனைவி. தண்ணீர் பாட்டில் பாதியில் தீர்ந்தது. பழப்பையைக் குரங்கு பார்த்துக்கொண்டது.

2024இல் ரோப் காரும் வந்துவிட்டது. அத்தை அதில் ஏறி வந்து, புடவை கசங்காமல் மேலே காத்திருந்தார். வெட்கமாகத்தான் இருந்தது.

சொக்கரின் இன்னொரு பெயர்தான் ரத்தினகிரீசுவரர். அவர் சன்னதிக்குள் நுழைந்ததும் கல்லின் குளிர்ச்சி. அபிஷேகத்துக்குக் காவிரித் தண்ணீர்தானாம், தினமும் சுமந்து வருகிறார்கள். வெறுங்கையோடு மூச்சு வாங்கிய நான் அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து வடக்கே பார்த்தால் காவிரி அகலமான மணல் கோடு, கரையோரம் வாழையும் தென்னையும். தெற்கே திரும்பினால் மானாவாரிக் காடு, செம்மண். பச்சை எங்கே முடிகிறது என்று விரலால் காட்டிவிடலாம். வயலுக்குள்ளேயே வளர்ந்தவனுக்கு இது புதுசு.

இறங்கும்போது தொடை நடுங்கியது. ஈங்கோய்மலையை அன்றைக்கு முசிறிப் பாலத்திலிருந்து கும்பிட்டதோடு சரி. படியேறுவதானால் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள், ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணீரோடு. மத்தியானம்தான் சொக்கரைப் பார்க்க வேண்டும் என்றால் அத்தை வந்த வழியே வாருங்கள்.