வேர்ட்பிரஸில் வேத வசனம் காட்டும் பிளகின்: உரையை எங்கே வைப்பது?

பதிவில் ‘யோவான் 3:16’ என்று இருந்தால் அந்த வசனம் வாசகர் கண்ணில் பட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. உரையைப் பிளகினோடு (வேர்ட்பிரஸில் செருகும் துணைநிரல்) சேர்த்தே அனுப்பலாம். ஏபிஐயிடம் (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்) கேட்டு வாங்கி நம் சர்வரில் கேஷ் செய்யலாம், அதாவது தற்காலிகமாகச் சேமித்து வைக்கலாம். வெளியார் ஸ்கிரிப்ட் ஒன்றை ஒட்டிவிட்டு மிச்சத்தை உலாவியிடம் விடலாம். உரிமம் இடம் கொடுத்தால் முதல் வழிதான் என்பது எங்கள் கட்சி.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வசனக் குறிப்பைத் தானே கண்டுபிடித்து உரையைக் காட்டும் ரெஃப்டேகர் மாதிரி ஒரு ஸ்கிரிப்டை ஒட்டினால் அரை மணி நேரத்தில் வேலை ஆகிவிடும். ஆனால் ஆர்எஸ்எஸ் ஃபீடிலும் மின்னஞ்சல் சந்தாவிலும் ஸ்கிரிப்ட் ஓடாது; அங்கே வசனம் வராது. வாசகரின் ஐபி முகவரி ஒவ்வொரு முறையும் வெளியாருக்குப் போகும். தமிழ்ப் புத்தகப் பெயர்களை அது அடையாளம் காணாவிட்டால் நம் பக்கத்திலிருந்து திருத்தவும் வழியில்லை. தனி வலைத்தளத்துக்குச் சரி, பிளகினாக வெளியிட இது போதாது.

ஏபிஐ: உரிமத்துக்காக மட்டும்

என்ஐவி, ஈஎஸ்வி போன்ற காப்புரிமை உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும் என்றால் ஏபிஐதான் நேர்வழி. வேர்ட்பிரஸ் பிளகின் தொகுப்பில் போடும் எல்லாமே ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பதால் அந்த உரைகளைக் கோப்பாகச் சேர்க்க முடியாது. அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் ஏபிஐ.பைபிள், ஈஎஸ்வியின் சொந்த ஏபிஐ இரண்டுமே சாவி (நம்மை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) கேட்கும். அந்தச் சாவி சர்வரில்தான் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் வைத்தால் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே அடி விழுவது நேரத்தில். வேர்ட்பிரஸின் ஹெச்டிடிபி கோரிக்கை இயல்பாக 5 விநாடி காத்திருக்கும். ஒரு பதிவில் ஆறு வசனம் இருந்து எதிர்முனை படுத்துவிட்டால் பக்கம் 30 விநாடி தொங்கும். காத்திருப்பை 2 விநாடியாகக் குறையுங்கள். கிடைத்த விடையை டிரான்சியன்டில் (காலாவதி நேரத்தோடு வேர்ட்பிரஸ் தரும் தற்காலிகச் சேமிப்பு) வையுங்கள். கிடைக்காமல் போனதையும் ஒரு பத்து நிமிடத்துக்குக் கேஷ் செய்யுங்கள். பலர் விடுவது இதைத்தான். விட்டால் எதிர்முனை விழுந்து கிடக்கும் நேரம் முழுக்க ஒவ்வொரு வாசகரும் மறுபடி அதன் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். டிரான்சியன்ட் பெயர் 172 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், மொழிபெயர்ப்புக் குறியையும் வசன எண்ணையும் சேர்த்து எம்டி5 என்ற மாறாத நீளமுள்ள சுருக்கக் குறியாக ஆக்கிவிடுவது நல்லது. எவ்வளவு சேமிக்கலாம் என்பதும் நம் இஷ்டமல்ல: ஈஎஸ்வி நிபந்தனை 500 வசனத்துக்கு மேல் உள்ளூரில் வைக்க விடாது.

சொந்த உரை: அட்டவணையா, கோப்பா?

வேர்ல்டு இங்கிலீஷ் பைபிள் காப்புரிமை இல்லாத பொதுவெளி உரை, தடையில்லை. கிங் ஜேம்ஸ் பிரிட்டனுக்கு வெளியே பொதுவெளியில் உள்ளது. பிரிட்டனில் அச்சுரிமை அரசரிடம். தமிழ் உரை என்றால் கையில் இருக்கும் பதிப்பின் உரிமப் பக்கத்தைப் பார்க்காமல் தொடக்கூடாது. ‘இணையத்தில் கிடைத்தது’ என்பது உரிமம் ஆகாது.

கிங் ஜேம்ஸ் எண்ணிக்கைப்படி 66 புத்தகம், 1189 அதிகாரம், 31,102 வசனம். இதை டேட்டாபேஸ் அட்டவணையில் ஏற்றினால் தேடல் வசதி கிடைக்கும். வசன எண்ணை ஒரே முழு எண்ணாக வைப்பது நல்ல உத்தி: 43003016 என்றால் 43ஆம் புத்தகம், 3ஆம் அதிகாரம், 16ஆம் வசனம். 16 முதல் 18 வரை கேட்டால் இரண்டு எண்களுக்கு இடையே எடுத்தால் போதும். கத்தோலிக்கப் பதிப்புக்கு 73 புத்தகம் வேண்டும்; தோபித்து, யூதித்து முதலியவற்றை நடுவில் செருகாமல் 67லிருந்து எண் கொடுங்கள், பழைய எண்கள் கலையாது. ஏற்றுவதை 500 வரிசை கொண்ட தொகுதிகளாகப் பிரித்தால் 63 தொகுதி வரும். ஒரே மூச்சில் ஏற்றினால் 30 விநாடி வரம்புள்ள சர்வர் பாதியில் நிறுத்திவிடும். அட்டவணை எரேமியாவோடு நின்றுபோனது யாராவது மத்தேயுவைத் தேடும்போதுதான் தெரியும்.

தேடல் தேவையில்லை என்றால் அட்டவணையே வேண்டாம். அதிகாரத்துக்கு ஒரு பிஹெச்பி கோப்பு, அதில் ஒரு அரே (வசனப் பட்டியல்). மிக நீளமான சங்கீதம் 119இல்கூட 176 வசனம்தான். பிஹெச்பியின் சொந்தக் கேஷான ஓப்கேஷ் அதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டு என்பதால் பிளகினின் ஜிப் கோப்பு பருக்கும்; அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் வரும் தலைவலி

உரை எங்கிருந்து வந்தாலும் ‘யோவான் 3:16’ என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. பிழை அறிக்கைகளில் பெரும்பங்கு இங்கிருந்தே வரும்.

‘யோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ரெஜெக்ஸுக்கு (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். அடுத்த பொறி சொல் எல்லை. பிஹெச்பியின் ரெஜெக்ஸ் நூலகமான பிசிஆர்இயின் பழைய பதிப்புகள் மெய்யெழுத்தின் புள்ளியை எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘யோவான்’ புள்ளியில் முடிவதால் சொல் எல்லையைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் பி அங்கே பொருந்தாது. ஆங்கிலப் பெயர்களில் ஓடிய அதே ரெஜெக்ஸ் தமிழில் ஊமையாகிவிடும். முன்னும் பின்னும் எழுத்தோ குறியோ இல்லை என்று எதிர்மறை லுக்அரவுண்டில் (அக்கம்பக்கத்தைப் பார்க்கும் ரெஜெக்ஸ் விதி) சொல்லிவிட்டால் தீரும். ‘1 யோவான் 4:8’ஐ ‘யோவான் 4:8’ என்று பிடிக்காமல் இருக்க எண்ணோடு வரும் பெயர்களை வரிசையில் முன்னால் போடுங்கள்.

மாற்றுப் பெயர்ப் பட்டியலும் வேண்டும்: சங்கீதம், சங்., திருப்பாடல்கள், திபா எல்லாம் ஒரே புத்தகம். ‘மத்தேயு 4:30 மணிக்கு வருவார்’ என்ற வாக்கியத்தை, மத்தேயு 4இல் 25 வசனமே உண்டு என்ற கணக்கு தடுத்துவிடும். ‘மத்தேயு 5:30 மணிக்கு’ தப்பிவிடும், அந்த அதிகாரத்தில் 48 வசனம் இருக்கிறது. அதனால்தான் தானாகப் பிடிக்கும் வசதியைவிட எழுதுபவரே எடிட்டரில் செருகி வைக்கும் பிளாக் மேல் என்கிறோம்.

அப்டேட்டில் உடைவது

ஸ்டாடிக் பிளாக் வசன உரையைப் பதிவுக்குள்ளேயே எழுதிவிடும்; பிளகினை நீக்கினாலும் வசனம் நிற்கும், அது நல்லதுதான். ஆனால் அடுத்த பதிப்பில் ஒரு டிவ் கூடினால் பழைய பதிவுகளை எடிட்டரில் திறக்கும்போது ‘செல்லாத உள்ளடக்கம்’ என்று வரும், பழைய வடிவத்தையும் கோடில் சுமக்க வேண்டும். டைனமிக் பிளாக் வசன எண்ணை மட்டும் சேமித்து, பக்கத்தைக் காட்டும்போதே உரையை உருவாக்குவதால் இந்தத் தொல்லை இல்லை. ஷார்ட்கோடில் (பதிவில் சதுர அடைப்புக்குள் எழுதும் கட்டளை) வேறு வினை: வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறி வந்தால் ‘யோவான்’ ஒரு மதிப்பு, ‘3:16’ இன்னொரு மதிப்பு என்று பிளந்துவிடும்.

பிளகினை இயக்கத் தொடங்கும்போது ஓடும் ஆக்டிவேஷன் ஹூக், அப்டேட்டின்போது ஓடாது. அட்டவணையை மாற்றினால் பதிப்பு எண்ணை ஆப்ஷனில் வைத்து, பிளகின் ஏறும்போது ஒப்பிட்டு மாற்றுங்கள். அப்டேட் பிளகின் ஃபோல்டரை அப்படியே அழித்துவிட்டுப் புதிதை வைக்கும். பயனர் ஏற்றிய மொழிபெயர்ப்பு அதற்குள் இருந்தால் போயே போய்விடும். அப்லோட்ஸ் ஃபோல்டரில் வையுங்கள்.

‘இன்றைய வசனம்’ சர்வரில் உருவானால் பக்கக் கேஷ் நேற்றையதையே காட்டும். நம் சொந்த ரெஸ்ட் முகவரியிலிருந்து (தரவை மட்டும் தரும் இணைய முகவரி) உலாவி எடுத்துக்கொள்ளட்டும். பிஹெச்பியில் ஆண்டின் நாள் எண் 0இல் தொடங்கும். லீப் ஆண்டில் 365 வரை போகும். பட்டியலில் 365 வசனமே இருந்தால் டிசம்பர் 31 அன்று பெட்டி காலியாக நிற்கும். அடுத்தது 2028இல், அதற்குள் எண்ணைப் பட்டியல் நீளத்தால் வகுத்து மீதியை எடுக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.