தொண்ணூறா, தொள்ளாயிரமா?

புது ஓட்டல் திறந்தால் சாம்பாரை ஊற்றிப் பார்த்துத்தான் முடிவு சொல்வேன். இணையக் கலைக்களஞ்சியங்களுக்கும் எனக்கு ஒரு சாம்பார் உண்டு: வேலூர்க் கோட்டை, 1806, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கம்பெனியையே எதிர்த்து எழுந்த கதை. தளமோ செயலியோ, எது வந்தாலும் முதலில் அந்தக் கட்டுரையைத்தான் திறப்பேன். சத்துவாச்சாரியில் மாடியில் ஒரு சின்ன ஹால் எடுத்து டிஎன்பிஎஸ்சி பாடம் நடத்துகிறேன். கோட்டை இங்கிருந்து கூப்பிடு தூரம். அதில் யாரும் எனக்குக் கதை விட முடியாது என்ற தைரியம்தான்.

போன வருஷம் 499 ரூபாய் சந்தா கட்டி ஒரு செயலி வாங்கினேன். பெயர் வேண்டாம். 'சாய்வே இல்லாத அறிவுக் களஞ்சியம்' என்று விளம்பரம். பையன்களுக்கும் அதையே பார்க்கச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அணைக்கட்டிலிருந்து வருகிற ஒரு பையன் போனை நீட்டினான்.

"இன்னா சார் இது, இதுல தொண்ணூறு அடின்னு போட்டுக்கீது. புக்குல தொள்ளாயிரம் கீதே? எது சார் கரீட்டு?"

ஜூலைக்கு முன்பே, புதுத் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்ற சிப்பாய்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கொடுத்த கசையடிக் கணக்கு அது. பள்ளிப் பாடப்புத்தகம் ஆளுக்கு 900 என்கிறது. செயலியில் 90. ஒரு சைபர்தானே என்று விட முடியவில்லை. 900 அடி கொடுத்தால் முதுகில் என்ன மிஞ்சும்? ஜூலை 10 விடிவதற்குள் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்த காரணத்தில் பாதி அந்த சைபரில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், படிக்கிறவனுக்கு 'ஒரு தலைப்பாகைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்றுதான் தோன்றும். நெற்றியில் சாதி, சமயக் குறி வைக்கக் கூடாது, தாடியை எடு, மீசையை ஒரே மாதிரி வெட்டு என்ற உத்தரவுகளுக்கு அந்தச் செயலியில் அரை வரி. ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்து அடக்கிய கில்லெஸ்பிக்கு மூன்று பத்தி. செத்துப்போன கர்னல் ஃபேன்கோர்ட்டுக்குப் பெயரும் பதவியும் போட்டிருக்கிறார்கள். சிப்பாய்களை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான ஜமேதார் ஷேக் காசிமைத் தேடினேன். ஆளே இல்லை. நம் பக்கம் விழுந்தவர்கள் 'நூற்றுக்கணக்கானோர்', அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அதில் ஒரு திட்டு வார்த்தை கிடையாது. ரொம்ப நாகரிகமான தமிழ்.

மூன்று முறை திருத்தம் அனுப்பினேன், பாடப்புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து இணைத்து. 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மூன்று முறையும் பதில் வந்தது. எழுதியவர் யார், எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார், ஒன்றும் தெரியாது.

அந்தக் கோபத்தில் மற்றதையெல்லாம் கிளறினேன். விக்கிப்பீடியா ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று சொல்லிக் கிளம்பியவர்கள் ஒரு வரிசையே இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2006-ல் வலதுசாரிகளின் கன்சர்வபீடியா. ஆண்டைக் குறிக்க கிறிஸ்துவின் பெயரை விட்டுவிட்டுப் பொது ஆண்டு என்று போடுகிறார்கள் என்பதும் அவர்கள் புகாரில் ஒன்று. நாம் கி.மு., பொ.ஆ.மு., திருவள்ளுவர் ஆண்டு என்று மல்லுக்கட்டுவது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். ஒரு சாய்வுக்கு மறு சாய்வு போட்டுவிட்டு நேராகிவிட்டது என்கிறார்கள். விக்கிப்பீடியாவை 2001-ல் ஜிம்மி வேல்ஸோடு சேர்ந்து தொடங்கிய லாரி சாங்கரே பிரிந்து போய் சிட்டிசன்டியம் ஆரம்பித்தார். சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும், நிபுணர் பார்த்து ஒப்ப வேண்டும் என்று விதி. எனக்குப் பிடித்த விதி. எழுத ஆள் வராமல் வாடிப்போனது.

2025 அக்டோபரில் ஈலான் மஸ்க் கம்பெனியின் குரோக்கிபீடியா வந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது. திறக்கும்போதே எட்டு லட்சத்துக்கு மேல் கட்டுரை. நாம் உள்ளே புகுந்து திருத்த முடியாது, திருத்தம் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், விக்கிப்பீடியாவைத் திட்டிவிட்டு வந்ததில் பல பக்கங்களின் அடியில் 'விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தாண்டது' என்ற உரிமக் குறிப்பு இருந்தது. பக்கத்து வீட்டுக் குழம்பில் நம் கரண்டி.

தமிழில் 2022-ல் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுத்த தமிழ் விக்கி வேறு ரகம். ஆசிரியர் குழு பார்த்துத்தான் பக்கம் போகிறது. இலக்கியம், பண்பாடு பற்றித் தேடினால் கட்டுரைகள் நிறைவாக இருக்கின்றன. குழு இருந்தால் குழுவின் ருசியும் இருக்கும். ஆனால் குழு யார் என்று தெரிகிறது. எனக்கு அது போதும்.

கடைசியில் தமிழ் விக்கிப்பீடியாவுக்கே வந்தேன். 2003-ல் ஆரம்பித்தது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரை. சாய்வு இல்லாமலா? தலைப்பிலேயே தொடங்கும். 'கலகம்' என்று எழுதினால் கம்பெனி பக்கம், 'புரட்சி' என்றால் நம் பக்கம். வெளியான, நம்பத் தகுந்த சான்று வேண்டும் என்கிற விதியும் சும்மா இல்லை. 1806 பற்றி முதலில் எழுதியவர்கள் கம்பெனி அதிகாரிகள். அவர்கள் காகிதத்தை அரைத்தால் அவர்கள் வாசனைதான் வரும். ஆனால் மேலே 'வரலாறு' என்று ஒரு தாவல் இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தப் பெயரில், எத்தனை எழுத்தைச் சேர்த்தார்கள், எதை வெட்டினார்கள், எல்லாம் அங்கே கிடக்கிறது. பக்கத்திலேயே உரையாடல் பக்கம். சண்டையை வாசலில் வைத்துப் போடுகிறார்கள்.

அணைக்கட்டுப் பையன் ஓர் இரவு உட்கார்ந்து அந்தக் கட்டுரையில் 'இதுவே இந்தியாவின் முதல் சுதந்திரப் போர்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டான். காலையில் காணோம். 'சான்று தேவை' என்று குறிப்பு.

"நம்ம ஊரைப் பத்தி நம்மளே சொல்லக் கூடாதா சார்?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சொல்லு. யார் அப்படிச் சொன்னாங்கன்னு சேத்துச் சொல்லு" என்றேன்.

நாலு நாள் நூலகத்துக்குப் போய் வந்தான். இப்போது அந்த வரி 'என்று சில வரலாற்றாளர்கள் கருதுகின்றனர்' என்ற வாலோடு, அடியில் புத்தகப் பெயரும் பக்க எண்ணுமாக நிற்கிறது. வால் அவனுக்குப் பிடிக்கவில்லை. பரீட்சையில் பாடப்புத்தகப்படியே 900 எழுது என்று சொல்லி அனுப்பினேன்.

செயலியில் இன்னும் 90தான். சந்தாவை நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.